இனவாதத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இனவாதத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசப் புறப்படும் இளம் ஆசிரியர்களின் வகுப்புகளைப் பின்வரிசையில் இருந்து கவனிப்பது என் பணியின் ஒரு பகுதி. எங்கள் தலைமுறை செய்து பார்த்துக் கைவிட்ட பிழைகளையே அவர்களும் நல்ல மனத்தோடு செய்கிறார்கள். பிற இனத்தாரை வகுப்பில் இழித்துப் பேசக் கூடாது என்று எவருக்கும் எழுதிக் காட்டத் தேவையில்லை. நல்லெண்ணத்தில் இருந்து பிறக்கும் பிழைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

“நமக்குள் வேறுபாடே இல்லை” என்று தொடங்குவது

பிள்ளை இதை நம்பாது. பெயரைக் கேட்டதும் தமிழரா முஸ்லிமா என்று முதலாம் தரத்துப் பிள்ளையே சொல்லும்; தமிழ் ஊரான ஆரையம்பதி எங்கே முடிந்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி எங்கே தொடங்குகிறது என்பதையும் பஸ் யன்னலோரம் இருந்தபடி காட்டிவிடும். கண்முன்னே இருப்பதை இல்லை என்று சொல்லும் ஆசிரியரிடம் அது அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. வேறுபாடு உண்டு, அதைக் காரணம் காட்டி ஒருவருக்கு உரியதை மறுப்பதே அநீதி என்று தொடங்குங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரையை எட்டாம் தரத்துப் பிள்ளை நன்றாகவே விளங்கிக்கொள்ளும்.

தூரத்துக் கதையோடு நிறுத்திவிடுவது

1955 டிசம்பர் 1 அன்று மொன்ட்கொமரி நகரத்துப் பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் எழுந்து இடம் கொடுக்க மறுத்ததையும் மண்டேலாவின் சிறைவாசத்தையும் கற்பிக்கத்தான் வேண்டும். அத்தோடு பாடத்தை மூடிவிட்டால், இனவாதம் என்பது வெள்ளையர் கறுப்பர்மேல் காட்டிய ஒன்று என்ற எண்ணத்தோடு பிள்ளை வீடு போய்ச் சேரும். மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் அதே வாரத்தில் எடுங்கள். கொவிட் காலத்தில் அந்நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 இல் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது அதற்கென ஒதுக்கப்பட்ட இடம் நம் மாவட்டத்து ஓட்டமாவடியில்தான் இருந்தது. அதைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும்.

ஒருநாள் ஒற்றுமை விழா

எனக்கு இன்றும் சினமூட்டுவது இதுதான். மூன்று பஸ்கள், ஒரே நிற ரீசேட்டுகள், மண்டபம், பதாகை, சாப்பாட்டுப் பார்சல் என்று பெருந்தொகை செலவிட்டுத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகளின் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டுகிறார்கள். ஒரு பிள்ளைக்குப் பாவாடை தாவணியும் ஒரு பிள்ளைக்குத் தொப்பியும் ஒரு பிள்ளைக்கு ஒசரியும் அணிவித்து, மேடையில் கைகோக்க வைத்துப் படம் பிடித்து, மாலையில் அனுப்பிவிடுகிறார்கள். பேச்சாளர் ஒவ்வொருவரும், கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்வதைச் சொல்லும் “பிட்டும் தேங்காய்ப்பூவும் போல” என்ற உவமையோடு தொடங்குவார். அந்த உவமையில் எனக்குக் குறையில்லை. தாய்வழிக் குடிமுறையைக்கூடத் தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாகக் கொண்ட இந்த மண்ணில் அது உண்மையான நெருக்கத்தில் பிறந்தது. ஆனால் எதிரே இருக்கும் சிங்களப் பிள்ளைக்கு அதில் இடமே இல்லை என்பதை மேடையில் எவரும் நினைப்பதில்லை.

அம்பாறை மாவட்டத்தில் நடந்த அப்படியொரு விழாவின் மதிய இடைவேளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேடையில் கைகோத்த பிள்ளைகள், எந்தப் பஸ்ஸில் வந்தார்களோ அந்தப் பஸ்ஸின் நிழலிலேயே போய் இருந்தார்கள். முஸ்லிம் பாடசாலைப் பையன் ஒருவன் கோழிச்சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, “சேர், இது எந்தக் கடைச் சாப்பாடு?” என்று கேட்டான். ஹலால் உணவுதானா என்பதே அவன் கவலை. வெளியூரில் இருந்து வந்த ஏற்பாட்டாளருக்கு அது தெரியவில்லை. அவர் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருக்க, அவனைப் பார்த்து மற்றவர்களும் பிரித்த பார்சலை மூடினார்கள். காலையில் இருந்து எல்லாம் தமிழில் நடந்ததால் ஒரு சொல்லும் விளங்காத சிங்களப் பிள்ளைகள், தாங்கள் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் விழித்தார்கள். திரும்பும் வழியில் தமிழ்ப் பிள்ளைகளின் பஸ்ஸில் நான் கேட்டது, “அவங்க நம்மளோட கதைக்கவே இல்ல” என்பதுதான்.

அந்த விழாவின் உண்மையான செலவு அதுவே. அதுவரை பிறர் சொல்லக் கேட்டிருந்த தப்பெண்ணத்துக்கு, இப்போது பிள்ளையின் கையில் தானே கண்ட சான்று இருக்கிறது. அதை அகற்றுவது முன்னிலும் கடினம்.

சந்திப்பு மட்டும் தப்பெண்ணத்தைக் குறைக்காது. சமமான நிலை, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, பொறுப்பில் உள்ளோரின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 இலேயே எழுதினார். 1971 இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் புதிதாக ஒன்றாகப் படிக்கத் தொடங்கிய வகுப்புகளுக்கு எலியட் அரன்சன் ஜிக்சோ முறையைக் கொண்டுவந்தார். பாடம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுக்கப்படும். மற்றவர் சொல்வதைக் கவனிக்காமல் எவரும் பாடத்தை முடிக்க இயலாது.

அம்பாறைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது. இங்கினியாகலையில் கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தை விட்டுப் புறப்படும் நீர் சிங்களக் குடியேற்றங்களையும் முஸ்லிம், தமிழ் வயல்களையும் கடந்தே கடலோரத்தை நெருங்குகிறது. வாய்க்காலின் தலைப்பகுதியை ஒரு பாடசாலையும் நடுப்பகுதியை இன்னொன்றும் கடைசிப் பகுதியை மற்றொன்றும் விசாரித்து ஒரே வரைபடத்தை ஆக்கட்டும். விதைப்புக்கு நீர் யாருக்கு முதலில் வருகிறது, யாருக்குப் பிந்துகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். நீதி பற்றிய பாடம் அந்தக் கேள்வியில் தொடங்கிவிடும். மூத்த வகுப்பாயின், 1956 ஜூனில் இதே கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையையும், 1981 இல் இடதுகரை வாய்க்கால் பகுதியில் விவசாயிகள் அமைப்பாகத் திரளத் தொடங்கிய பின் மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் நீரை மிச்சம்பிடித்துக் கீழ்ப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கு விட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள். இதற்கு ஒரு தவணை முழுவதும் பிடிக்கும். விழாவுக்கான பணத்தை இரு மொழியும் தெரிந்த உதவியாளர் ஒருவருக்குக் கொடுத்தால் போதும்.

ஒரு பிள்ளையை ஓர் இனத்தின் பேச்சாளராக்குவது

“உங்கட ஆக்கள் ஏன் இப்படி?” என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பாதீர்கள்.

நம் காயத்தை மட்டும் சொல்வது

1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். முதலாவதை முஸ்லிம் பாடசாலையிலும் இரண்டாவதைத் தமிழ்ப் பாடசாலையிலும் மட்டும் சொன்னால் அது பழியை வளர்க்கும் பாடமாகிவிடும். பத்தாம் தரத்துக்குக் குறையாத வகுப்பில் இரண்டையும் ஒரே பாடவேளையில் சொல்லுங்கள். இயலாவிட்டால் ஆயத்தமாகும்வரை ஒன்றையும் எடுக்காதீர்கள்.

வதந்தி அடங்கட்டும் என்று காத்திருப்பது

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் மலடாக்கும் மாத்திரை கலந்த உணவு பரிமாறப்பட்டதாகக் கிளம்பிய பேச்சால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் கிடந்தது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. வதந்தி வந்த மறுநாள் காலையில் அதையே பாடமாக எடுங்கள். இதை யார் பார்த்தார், யார் சொன்னார், பொய்யாயின் யாருக்கு நட்டம் என்ற கேள்விகளைப் பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள். சரியான விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

பெற்றோருக்குச் சொல்லாமல் தொடங்குவது

ஒரு வாரத்துக்கு முன்பே கடிதம் கொடுங்கள். என்ன கற்பிக்கப் போகிறீர்கள், ஏன் என்பதை அவர்களுடைய மொழியில் எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு அனுப்புங்கள்.