பட்டமளிப்பு கவுன் வாடகை: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கவுன் வாடகைத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள். துவைத்துக் கொடு, எண்ணி வாங்கு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

போட்டோ பார்த்து ஹூட் தைப்பது

கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கவிடும் ஹூட்டின் உள்துணி நிறம்தான் எந்தப் பட்டம் என்று காட்டும். நிறத்தை முடிவு செய்வது பல்கலைக்கழகம். தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்கு சேலம் பெரியார் பல்கலைக்கழகம், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக்கு அண்ணா பல்கலைக்கழகம், தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஒன்றுக்குத் தைத்தது இன்னொன்றுக்கு உதவும் என்று நம்பாதீர்கள்.

பாலக்கோட்டுத் தம்பி ஒருவர், ஒரு கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த பழைய படத்தை நம்பித் தைத்தார். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படம். அதில் பொன்மஞ்சளாகத் தெரிந்தது, நேரில் வெளிர் கிரீம். விழாவுக்கு முந்தின மாலை மூட்டையைப் பிரித்த பேராசிரியர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். துணிக்காசு, தையல்கூலி எல்லாம் போச்சு. படம் அனுப்பியவரோ, "மாடலுக்குத்தானே அனுப்பினேன்" என்றாராம். கேட்டதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஆனால் எழுத்தில் எதுவும் வாங்காமல் கத்தரியை எடுத்தது யார்?

பல்கலைக்கழகம் சொன்ன நிறத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டு விரல் அகலத் துணியை வெயிலில் காட்டி, தாளில் பின் அடித்து, பக்கத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் மொத்தத் துணியையும் ஒரே லாட்டில் எடுங்கள். ஈரோட்டில் பாதி இன்று, பாதி அடுத்த வாரம் என்று வாங்கினால் பில்லில் ஒரே மெரூன், மேடை வரிசையில் இரண்டு மெரூன்.

லூப்பை மறப்பது

ஹூட்டின் முன்பக்க லூப் சட்டைப் பட்டனில் மாட்டத்தான். மாட்டாவிட்டால் ஹூட் பின்னால் சரிந்து கழுத்தை இறுக்கும். புடவையில் வரும் பெண்களுக்குப் பட்டன் ஏது? கவுனோடு ஒரு டப்பா ஊக்கும் அனுப்புங்கள்.

இஸ்திரி

இஸ்திரிப் பெட்டியை சாட்டின் துணி மேல் நேராக வைக்காதீர்கள்.

குஞ்சம்

தொப்பியில் தொங்கும் குஞ்சத்தை வலமிருந்து இடம் மாற்றுவது அமெரிக்க வழக்கம். கல்லூரி கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

கருப்பு கவுன் வாங்கிக் குவிப்பது

விழா உடைக்குக் கைத்தறி பயன்படுத்தும்படி 2019-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறையும் தன் மருத்துவ நிறுவனங்களில் கருப்பு அங்கி, தொப்பியை மாற்றச் சொன்னது. நம் பக்கம் இன்னும் கருப்புதான் கேட்கிறார்கள், சரி. அதற்காகக் கடன் வாங்கி ஸ்டாக் ஏற்ற வேண்டாம்.