ஒரு பந்து, 48 பிள்ளைகள்: விளையாட்டு பீரியடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு படிப்பவர்கள் நாலைந்து பேர் கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வருவார்கள். விளையாட்டில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். மாநில அளவில் ஆடியவர்கள்கூட உண்டு. ஆனாலும் கிரவுண்டில் அவர்கள் வகுப்பு எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனது அடித்துக்கொள்ளும். 22 வருடங்களுக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகள். அப்போது எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விசிலை மறந்துவிட்டு வருவது, வெயிலைப் பார்க்க வைத்து நிறுத்திப் பேசுவது, உடம்பைச் சூடாக்காமல் ஓடவிடுவது, இதெல்லாம் ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். வருடக்கணக்கில் கூடவே ஒட்டிக்கொண்டு வருபவற்றை மட்டும் சொல்கிறேன்.

பீரியடைக் கடன் கொடுப்பது

யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திரும்பி வராது.

பெரியவர்கள் அளவிலேயே தொடங்குவது

வாலிபால் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். இந்த அளவுகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கும் அதே உயரத்தில் வலையைக் கட்டிவிடுகிறோம். பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு எம்பினாலும் பந்து வலைக்குக் கீழேயே போகும். இரண்டாவது நாள் அது எம்பாது. நான் இப்போது தேங்காய் நார்க் கயிறு ஒன்றை இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே, அந்த வகுப்பில் குள்ளமான பிள்ளை கையைத் தூக்கினால் தொடுகிற உயரத்தில் கட்டுகிறேன்.

குண்டு எறிதலும் அப்படித்தான். வளர்ந்த பெண்கள் எறிவதே 4 கிலோ, ஆண்கள் எறிவது 7.26 கிலோ. ஸ்டோர் ரூமில் கிடக்கிற பழைய இரும்புக் குண்டை எடுத்துச் சின்னப் பிள்ளையின் கழுத்தருகே வைத்துப் பழக்காதீர்கள். தடித்த துணிப்பையில் ஒரு கிலோ மணலைக் கட்டிக் கொடுத்தால், கால் எங்கே நிற்க வேண்டும், இடுப்பு எப்படித் திரும்ப வேண்டும் என்பதை அது நன்றாகவே கற்றுக்கொள்ளும்.

ஒரு பந்தும் ஒரு நீள வரிசையும்

இதை எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

இந்த வருடம் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் ஏழாம் வகுப்புக்கு வாலிபால் அண்டர்ஹேண்ட் பாஸ் சொல்லிக்கொடுத்தார். செய்து காட்டியதில் ஒரு குறையும் இல்லை. முழங்கால் மடக்கம், கைகள் சேர்ந்திருக்கும் விதம், பந்து மணிக்கட்டுக்கு மேலே படுகிற இடம், எல்லாம் அச்சு அசல். அப்புறம் 42 பேரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தார். முன்னால் இருக்கிற பிள்ளைக்கு அவர் பந்தைப் போடுவார், அது திருப்பி அனுப்பும், பந்து எங்கேயாவது ஓடும், ஒருவன் துரத்திப் போய் எடுத்து வருவான், பிறகு அடுத்த பிள்ளை.

நான் புங்கமரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். பீரியட் 40 நிமிடம். கிரவுண்டுக்கு வந்து சேர, வருகை எடுக்க, உடற்பயிற்சி செய்ய, திரும்பிப் போக என்று 15 நிமிடம் போய்விட்டது. மிச்சம் 25. பந்து ஓடிப் போய்த் திரும்பி வருவதையும் சேர்த்தால் ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம். அப்படியென்றால் மொத்தமே 50 முறை. நடுவில் அவர் நாலைந்து தடவை நிறுத்தித் திருத்தினார். வகுப்பு முடிந்ததும், "எத்தனை பேர் பந்தைத் தொட்டாங்க தம்பி?" என்று கேட்டேன். "எல்லாரும் தொட்டாங்க மேடம்" என்றார், சந்தேகமே இல்லாமல். என் நோட்டில் 31 கோடுகள் இருந்தன.

அந்த வரிசையில் ஒரு பையனைக் கவனித்தேன். முன்னால் மூன்று பேர் இருக்கும்போது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வான். பின்னால் இருப்பவன் முன்னே போய்விடுவான். இன்னும் இரண்டு பேர் போனதும் மெதுவாகக் கடைசிக்கு நடப்பான். பெல் அடிக்கிற வரை இப்படியே மூன்று முறை. அந்தத் தம்பி இதைப் பார்க்கவே இல்லை. அவர் கண் எப்போதும் வரிசையின் தலையில் இருந்தது.

எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம் உண்டு. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை என்னிடம்தான் விளையாட்டு பீரியட். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிக்கு எறிபந்து அணிக்கு ஆள் குறைந்தபோது, உயரமாக இருக்கிறாளே என்று அவளைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தேன். சூடான பாத்திரத்தை ஏந்துவதுபோல விரல்நுனியில் பிடித்துக்கொண்டு, "எந்தக் கையில டீச்சர் போடணும்?" என்று கேட்டாள். எறிபந்தில் பிடித்த பந்தை 3 விநாடிக்குள் ஒரே கையால் தோளுக்கு மேலிருந்து வீச வேண்டும் என்பதுதான் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். நாலு வருடமாக அதைச் சொல்லியிருக்கிறேன். அவளும் என் முன்னால்தான் நின்றிருக்கிறாள்.

ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டேன். "கடைசியில போய் நின்னுக்குவேன் டீச்சர். என் முறை வர்றதுக்குள்ள பெல் அடிச்சிரும்" என்றாள். திட்டுவேன் என்று பயந்து சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பந்து தப்பினால் பின்னால் நிற்கிற 47 பேர் சிரிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு. அந்த 47 பேரையும் வேடிக்கை பார்க்க நிறுத்தி வைத்தது நான்தான்.

இந்தத் தவறு ஏன் சாகாமல் இருக்கிறது தெரியுமா? வரிசை பார்க்க அழகாக இருக்கிறது. தலைமையாசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். சத்தம் இருக்காது. பார்வையிட வருகிற அதிகாரியும் பாராட்டுவார். பிள்ளைகள் பன்னிரண்டு கும்பலாகப் பிரிந்து கத்திக்கொண்டு ஆடினால், "என்ன டீச்சர், சந்தைக்கடை மாதிரி இருக்கு?" என்று கேட்பார்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள். சந்தைக்கடை மாதிரிதான் இருக்க வேண்டும் என்று பதில் சொல்ல எனக்குப் பல வருடம் ஆனது.

சரி, பந்துக்கு எங்கே போவது என்பீர்கள். எங்களிடம் இருப்பது மூன்று எறிபந்துகள். 48 பேரை நாலு நாலாகப் பிரித்தால் பன்னிரண்டு குழு. மூன்று குழுவுக்கு நல்ல பந்து. இரண்டு குழுவுக்குக் காற்று இறங்கும் பழைய வாலிபால். மூன்று குழுவுக்குத் தையல் வகுப்பில் மிஞ்சிய துணியைச் சுருட்டி, பழைய சாக்ஸுக்குள் திணித்துத் தைத்த துணிப்பந்து. இரண்டு குழுவுக்கு வளையப்பந்தின் ரப்பர் வளையம். வளையத்தைப் பிடித்து வீசினாலும் கண்ணும் கையும் பழகத்தான் செய்யும். மீதி இரண்டு குழு காம்பவுண்டு சுவருக்கு. சுவரில் 2.2 மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. எறிபந்து வலையின் உயரம் அதுதான். டென்னிஸ் பந்தை அந்தக் கோட்டுக்கு மேலே எறிந்து, திரும்பி வருவதைப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து இடம் மாற்றுவேன்.

நாலு பேருக்கு ஒரு பந்து, பிடித்து வீச மூன்று விநாடி என்றால், ஒரு பிள்ளைக்கு 12 விநாடிக்கு ஒருமுறை பந்து வரும். பத்து நிமிடத்தில் 50 முறை. அந்தத் தம்பியின் மொத்த வகுப்பும் சேர்ந்து பார்த்திருக்க வேண்டிய எண்ணிக்கை அது. தவறவிட்டாலும் பார்ப்பவர்கள் மூன்றே பேர். அவர்களும் அடுத்த நிமிடம் தவறவிடப் போகிறவர்கள்தான்.

நான் இதையெல்லாம் சொன்ன மறுநாள் அந்தத் தம்பி வகுப்பைப் பிரித்துவிட்டார். செருப்பு வார்ப் பையன் சுவர்ப் பக்கம் நின்றான். முதல் பந்து அவன் தோளில் பட்டு ஓடியது. அவனே ஓடிப் போய் எடுத்து வந்தான்.

அவுட் ஆன பிள்ளையை உட்கார வைப்பது

பழக்கம் தேவைப்படுகிற பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு, அதே நிமிடம் உள்ளே அனுப்புங்கள்.

ஓட்டத்தைத் தண்டனையாக்குவது

தாமதமாக வந்தால் இரண்டு ரவுண்டு, பேசினால் நாலு ரவுண்டு. நானும் கொடுத்திருக்கிறேன். அப்படி ஓடவிட்ட ஒரு பையனிடம் ஜனவரியில் விளையாட்டு விழாவுக்கு 800 மீட்டருக்குப் பெயர் கொடு என்று கேட்டேன். "நான் எதுவும் பண்ணலையே டீச்சர்" என்றான். அன்றோடு அந்த ரவுண்டை நிறுத்தினேன்.

மணல் குழியில் மல்லாந்து தாண்டுவது

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் டிக் ஃபாஸ்பரி முதுகைக் காட்டிக் கம்பியைத் தாண்டி, 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார். இன்று பிள்ளைகள் போனில் பார்ப்பதெல்லாம் அந்தப் பாணிதான். ஆனால் அவர் விழுந்தது தடித்த நுரை மெத்தையில். அப்படி ஒரு மெத்தை வந்த பிறகுதான் கழுத்தும் முதுகும் முதலில் தரையில் படுகிற மாதிரித் தாண்ட முடிந்தது. நம் பள்ளிகளில் இருப்பது மணல் குழி. மழைக்குப் பிறகு அது காய்ந்தால் மண் தரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

நான் கம்பியை நிறுத்திவிட்டு அளவு நாடா எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் அப்படித் தாண்டிவிட்டான். பத்து நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அதோடு போனதே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். மெத்தை இல்லையென்றால், ஒரு காலுக்குப் பின் மறு காலாகக் கம்பியைத் தாண்டுகிற கத்தரிப் பாணி மட்டும்தான், காலில் வந்து இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மணலைக் கொத்திவிட்ட பிறகே கம்பியை வையுங்கள். கம்பியை வைத்த பிறகு குழிக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

கோ-கோவை வெறும் ஓட்டமாக்குவது

வேகமாக ஓடுகிறவனை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் அது உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேரின் ஆட்டம். பின்னாலிருந்து தொட்டுக்கொண்டே "கோ" சொல்வது, எழுந்தவன் எடுத்த திசையை மாற்றாமல் போவது, நடுக்கோட்டைத் தாண்டாமல் இருப்பது, இவை வராமல் துரத்த விட்டால் ஐந்து நிமிடத்தில் சண்டைதான் வரும். முதல் வாரம் நடந்தே ஆட விடுங்கள்.

கபடியைப் பிடியிலிருந்து தொடங்குவது

டிவியில் பார்த்துவிட்டு எல்லாப் பையன்களும் முதல் நாளே கணுக்கால் பிடிக்குப் பாய்வார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களும் அதையே முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள், பையன்கள் குஷியாகிறார்கள் என்பதால். முதலில் விழப் பழக வேண்டும். அப்புறம் பாடிப் போகிறவனின் கால் வைப்பு, அப்புறம் கைகோத்து நகர்வது. பிடி கடைசியில்தான். தரையைக் கொத்தி, கல் பொறுக்கி, முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும்.

உள்ளே விடுவதற்கு முன்னால் எல்லாரும் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பாருங்கள். ஒரு பிள்ளையின் கண்ணோரம் கீறிய பிறகுதான் எனக்கு அந்தப் பழக்கம் வந்தது. இப்போது விசில் கயிற்றிலேயே ஒரு நகவெட்டியையும் கட்டி வைத்திருக்கிறேன்.