ஒரே ஊர், இரண்டு கருத்து: யாரை நம்புவது?

தனித்த பண்பாடு கொண்ட நகரத்தைப் பற்றி விசாரித்தால், ஒருவர் "சொர்க்கம்" என்பார். இன்னொருவர் "பத்து நாள் தாங்காது" என்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். கருத்தைக் கேட்கும்போது கூடவே மூன்று விஷயங்களையும் கேளுங்கள்: எந்த மாதம் போனார், எந்தப் பகுதியில் தங்கினார், எத்தனை நாள் இருந்தார்?

இதில் மூன்றாவதுதான் முக்கியம். புதிய பண்பாட்டுக்குள் நுழைபவர்களைப் பற்றி 1960-இல் எழுதிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், முதலில் வரும் பரவசத்தைத் தேனிலவுக் கட்டம் என்றார். அது சில நாட்களிலிருந்து ஆறு மாதம் வரை நீடிக்கலாம். எரிச்சல் அதற்கு அப்புறம்தான் வரும். ஆக, ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்தவரின் புகழ்ச்சி பயணத்துக்குப் போதும். குடியேற அது போதாது. அதற்கு இரண்டு வருடமாவது அங்கே வாடகை கொடுத்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

சுற்றுலாப் பயணி ஜன்னலில் நின்று ரசிக்கும் அதே மேளச் சத்தம், காலை ஆறு மணி வேலைக்குப் போகிறவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

குடியேறும் எண்ணம் இருந்தால், விழாக்காலம் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் போய்த் தங்குங்கள். திங்கள் காலை நெரிசலில் பேருந்து ஏறுங்கள். துணி துவைத்துக் காயவையுங்கள். ஒரு அலுவலகத்தில் வரிசையில் நில்லுங்கள். உள்ளூர் மொழியில் பத்து வார்த்தையாவது கற்றுக்கொண்டு போனால், மனிதர்கள் உங்களிடம் பழகும் விதமே மாறும்.