மிளகாய் இலை மேலே சுருண்டதா, கீழே சுருண்டதா?

மிளகாய்ச் செடியின் நுனி இலைகள் சுருண்டதும் எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெய்தான் என்று அடித்தேன், மூன்று வாரத்தில் ஒரு செடி தேறியது, பக்கத்துச் செடி அப்படியே நின்றது. அப்புறம்தான் இலையை உற்றுப் பார்த்தேன். தேறிய செடியில் இலை ஓரங்கள் படகு மாதிரி மேல்நோக்கி மடங்கியிருந்தன, மற்றதில் கவிழ்த்த கரண்டி போலக் கீழ்நோக்கி, காம்பும் நீண்டிருந்தது.

முதல் செடியின் நுனியை வெள்ளைத்தாளில் தட்டினேன், வெளிர்மஞ்சளாக 1 மில்லிமீட்டர் கீற்றுகள் ஓடின, இலைப்பேன் (thrips) என்ற சாறுண்ணிப் பூச்சி. இரண்டாவதில் ஒன்றும் விழவில்லை. பூதக்கண்ணாடி வைத்து இலையின் அடியில் நரம்போரம் பார்த்தால் எட்டுக் கால் சிலந்திப்பேன், அது பூச்சி இனமே இல்லை!

இலைப்பேனுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், முதலில் சோப்புக் கரைசலில் பால் போலக் கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைய 7 நாளுக்கு ஒரு முறை தெளித்தேன். சிலந்திப்பேன் செடியில் நுனிகளை வெட்டி அப்புறப்படுத்தி, நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் wettable sulphur) லிட்டருக்கு 2 கிராம் அடித்தேன். எண்ணெய் அடித்து 2 வாரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும், உச்சி வெயிலிலும் வேண்டாம்.

சுருண்ட பழைய இலை நிமிராது. புதுத் தளிரைத்தான் பார்க்க வேண்டும், எனக்கு அது நேராக விரிந்தே வந்தது. வெள்ளை ஈ பரப்பிய வைரஸ் என்றால் மருந்தில்லை, மனசு கேட்காவிட்டாலும் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.