தண்டையார்பேட்டையிலிருந்து முப்பதாவது விழாவுக்கு

சென்னை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள் நான். 2025 டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் முப்பதாவது பதிப்புக்குத் திருவனந்தபுரம் போய்விட்டு வந்தேன். அன்றிலிருந்து கடையில் வேலை பார்க்கிற பெண்களும் எங்கள் தெருக் கல்லூரிப் பிள்ளைகளும் "எப்படிக்கா உள்ளே விட்டாங்க? அதெல்லாம் சினிமாக்காரங்களுக்குத்தானே?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சினிமாக்காரர்களுக்கு மட்டும் இல்லை. விழாவை நடத்துவது கேரள மாநில சலச்சித்ர அகாதமி. பணம் கட்டிப் பெயரைப் பதிந்துகொண்டால் பில் போடுகிறவளும் டெலிகேட்தான். ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய், மாணவர்களுக்கு 590. அது எட்டு நாளைக்கான பணம். மாலுக்குக் குடும்பத்தோடு போய் ஒரு படம் பார்த்து, பாப்கார்னும் வாங்கினால் எவ்வளவு ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். பதிவு நவம்பர் கடைசியில்தான் திறந்தது. ஆனால் ரயில் அதுவரை உங்களுக்காகக் காத்திருக்காது.

ரயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. விழா டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை தொடங்கியது. முந்தைய நாள் இரவு ஏற வேண்டுமென்றால் அக்டோபர் 12 காலை எட்டு மணிக்குக் கைபேசியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அது என்ன நாள் தெரியுமா? தீபாவளிக்கு எட்டு நாள் முந்திய ஞாயிறு. எம்.சி. ரோட்டில் அன்றைக்கு எள் போட்டால் எண்ணெயாகிவிடும். ஷட்டர் தூக்கியதும் நான் முதல் பில்லைப் போட்டேன், டிக்கெட்டை மறந்தேன். ஞாபகம் வந்து பார்த்தபோது ஆர்ஏசிதான் மிச்சம். இரவு முழுக்கப் பக்கவாட்டு சீட்டில் ஒரு பாட்டியோடு காலை மடக்கி உட்கார்ந்து போனேன். டிசம்பர் என்பது சபரிமலை சீசன் வேறு. கேரளா போகிற ரயில் எதுவாக இருந்தாலும் பாதிப் பெட்டி செங்கன்னூர் இறங்குகிற சாமிகள்தான். அதனால் எட்டு மணி என்றால் எட்டு மணி. நீங்கள் வேலையில் இருப்பீர்கள் என்றால் வீட்டில் விவரம் தெரிந்த ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரல். அங்கிருந்து திருவனந்தபுரம் மெயில். இரவு ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் இறங்கிவிடலாம், மாலை தொடக்க விழாவுக்குச் சரியாக இருக்கும். மெயிலில் இடம் இல்லையா, எழும்பூரிலிருந்து நாகர்கோவில் வரை எடுத்துக்கொண்டு அங்கிருந்து பஸ் பிடியுங்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். நான் காலை மடக்கி வந்த கதையைக் கேட்டுச் சிரித்தார்.

தேதியை மட்டும் நீங்களாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் விழா 1994-ல் கோழிக்கோட்டில் நடந்தது. அப்படியென்றால் 2023-லேயே முப்பது வந்திருக்க வேண்டும், வரவில்லை. 25-வது பதிப்பு கொரோனாவால் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போய் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நான்கு ஊரில் நடந்தது. 2022-ல் மார்ச்சில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு. விழாவின் வயதும் பதிப்பின் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. அகாதமி தேதியை அறிவித்த பிறகு லீவு கேளுங்கள். எங்கள் கடைக்கு டிசம்பர் நடுவில் நல்ல வேளையாக வியாபாரம் மந்தம். தீபாவளி முடிந்திருக்கும், பொங்கல் கூட்டம் தொடங்கியிருக்காது. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆறு நாள் கொடுத்தார்.

இனி படம். இப்படி இருபத்தைந்து, முப்பது என்று வருகிற விழாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பு, அந்த வருடம் பேசப்பட்ட புதுப்படங்களின் பின்னால் ஓடுவது. எல்லோரும் அதைத்தான் முதலில் முன்பதிவு செய்கிறார்கள். அந்தப் படங்களில் பல ஆறு மாதத்தில் ஓடிடிக்கு வந்துவிடும். பழைய படங்களைப் பெரிய திரையில் பார்க்க வாய்ப்பு அடிக்கடி வராது. அகஸ்தியா தியேட்டர் மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் புதுப்படத்துக்கே பெரிய திரை குறைந்துபோனது, பழைய படத்துக்கு எங்கே போவேன்?

அதனால் நான் மூன்று கலர் பென்சில் வைத்துக்கொண்டேன். கடையில் ஸ்டாக் எடுக்கிறபோது செய்கிற வேலைதான் இது. நேர அட்டவணையை அச்செடுத்து, பழைய படங்களுக்கும் வாழ்நாள் சாதனையாளர் விருது பெறுகிறவர்களின் படங்களுக்கும் சிவப்பு. போட்டிப் பிரிவுக்கு நீலம். வீட்டுக்கு வந்து கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்குக் கறுப்பு. சிவப்பை முதலில் இடம் பிடிப்பது, நீலத்தை இடைவெளியில் செருகுவது, கறுப்பை மனசைக் கல்லாக்கிக்கொண்டு விடுவது. பெரும்பாலான படங்கள் ஒரு தடவைக்கு மேல் போடுவார்கள் என்பதால் நீலத்தை நகர்த்த இடம் இருக்கும்.

இந்த விழாவின் போட்டிப் பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா படங்களுக்கு மட்டும். எனக்கு விழாவில் பிடித்ததே அதுதான். அந்தப் படங்களில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற கூட்டம் வந்தால் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் பரிசின் பெயர் சுவர்ண சகோரம். ஏதோ புராணப் பறவை என்று நினைத்திருந்தேன், பார்த்தால் நம் ஊர் செம்போத்து. போட்டிப் படங்களுக்கு டெலிகேட்டுகளும் ஓட்டுப் போடலாம், பார்வையாளர் பரிசு என்று தனியாக ஒன்று உண்டு. மறக்காமல் போடுங்கள். தேர்தலுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இதற்கு ஏன் சோம்பல் பட வேண்டும்?

போவதற்கு முன் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்தால் பணம் வீணாகாது. முப்பதாவது பதிப்பில் வாழ்நாள் சாதனையாளர் விருது ஆப்பிரிக்க நாடான மௌரிடானியாவைச் சேர்ந்த இயக்குநர் அப்தர்ரஹ்மான் சிஸ்ஸாகோவுக்கு என்று அறிவித்தார்கள். பெயரைக் கேட்டதே இல்லை. தம்பி மகனிடம் சொன்னேன், அவருடைய ‘திம்புக்து’ என்ற 2014 படத்தைத் தேடி எடுத்தான். ஆயுதம் தாங்கிய ஆட்கள் ஊரைப் பிடித்துக்கொண்டு பாட்டு கூடாது, கால்பந்து கூடாது என்று தடை போடுகிறார்கள். பையன்கள் பந்தே இல்லாமல் ஆடுகிறார்கள். இல்லாத பந்தைக் கடத்துகிறார்கள், இல்லாத பந்து கோலுக்குள் போகிறது. என் தம்பி மகன் வியாசர்பாடி கால்பந்து மைதானத்தில் வளர்ந்தவன். சோற்றுத் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்புப் பென்சிலை யோசிக்காமல் போட்டேன். இப்படி விருது பெறுகிறவர்களின் படம் ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போங்கள். அட்டவணை வெறும் பெயர்ப் பட்டியலாகத் தெரியாது.

இடம் பிடிப்பது தனி வேலை. ஒவ்வொரு நாள் காட்சிக்கும் முந்தைய நாளே முன்பதிவு திறக்கும். எல்லா இருக்கையையும் முன்பதிவுக்குக் கொடுத்துவிடமாட்டார்கள், ஒரு பங்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு. கைபேசியில் கிடைக்கவில்லை என்று லாட்ஜுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். ரேஷன் கடை, ஆதார் மையம், அரசு ஆஸ்பத்திரி என்று நின்று பழகிய நமக்கு அந்த வரிசை பெரிய விஷயமே இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுங்கள். எது நன்றாக இருந்தது, எது தூக்கம் என்று விமர்சகர்களைவிடத் தெளிவாக வரிசையில்தான் சொல்வார்கள். அவர்கள் மலையாளத்தை மெதுவாகப் பேசினால், நீங்கள் தமிழை மெதுவாகப் பேசினால் போதும். காட்சி தாமதமானால் கூட்டம் ஊளையிடும், பயப்படாதீர்கள், அது அங்கே வழக்கம். இரண்டாம் நாளே நானும் ஊளையிட்டேன்.

தங்குவதற்குத் தம்பானூர்ப் பக்கம் பாருங்கள். ரயில் நிலையம், பஸ் நிலையம், கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று திரையும் அங்கேயே நடக்கிற தூரத்தில். விழாவின் மையம் வழுதக்காட்டில் இருக்கிற தாகூர் தியேட்டர். அதற்கு மட்டும் பஸ்ஸோ ஆட்டோவோ. இரண்டு காட்சிக்கு நடுவில் இடம் மாற வேண்டியிருந்தால் முக்கால் மணி நேரமாவது விடுங்கள். அறையை ஒரு துணையோடு பகிர்ந்துகொண்டால் செலவு பாதி. எனக்கு ரயில், அறை, சாப்பாடு, பாஸ் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. அதில் நானூறு ரூபாய் நேந்திரம் சிப்ஸ்.

சாப்பாட்டு விஷயத்தில் என் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். காசிமேட்டு மீனில் வளர்ந்த நாக்குக்கே அந்தக் குடம்புளி குழம்பு பிடித்துப்போனது. அப்புறம் ஏசி அரங்கு, இருட்டு, வசனமே இல்லாத ஒரு மங்கோலிய மலைப் படம். விழித்தபோது விளக்கைப் போட்டுவிட்டிருந்தார்கள். மதியம் அரை வயிறு போதும். காலையில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸுக்குப் போங்கள். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வட்டக் கட்டடம், தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும், மேஜைகளும் அந்தச் சரிவோடு போகும். அங்கே உட்கார்ந்து அன்றைய அட்டவணைக்குக் கலர் அடிப்பதும் ஒரு சுகம்தான்.

ஒரு நாளைக்கு மூன்று படம். அதற்கு மேல் போனால் எந்த ஊர்க் கிழவர் எந்தப் படத்தில் செத்தார் என்பதே குழம்பிவிடும். நான்காவதாக ஒன்று வேண்டுமென்றால் கனகக்குன்றில் இருக்கிற நிசாகந்தி. திறந்தவெளி, இரவுக் காட்சி. கொசுவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கில வசன எழுத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எனக்கும் பில் போடுகிற அளவு ஆங்கிலம்தான். மிக முன்வரிசையில் உட்காராதீர்கள், எழுத்தைப் பார்த்தால் முகம் தப்பும், முகத்தைப் பார்த்தால் எழுத்து தப்பும். நடு வரிசையில் இரண்டும் கண்ணுக்குள் விழும். வேகமாகப் பேசுகிற படங்களை மூன்றாம் நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கண் பழகிவிடும்.

இன்னொன்று, அட்டவணையை நம்பி மட்டும் இருக்காதீர்கள். முப்பதாவது பதிப்பில் 19 படங்களுக்கு, தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் விழாவில் காட்ட ஒன்றிய அரசு தருகிற விலக்கு வராமல் இழுத்தது. அதில் ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டீனின் ‘போர்க்கப்பல் பொதெம்கின்’ கூட இருந்தது. அது 1925-ல் வந்த பேசாப் படம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "நூறு வருஷக் கப்பலுக்கு இன்னும் கிளியரன்ஸ் வரலையா?" என்றார். அந்த நாள்களில் நேரங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு நாள் என் மாலைக் காட்சி ரத்தானது. மாற்றுப் படம் எதையும் குறித்து வைக்காததால் தாகூர் தியேட்டர் படியில் இரண்டு மணி நேரம் சிப்ஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சிவப்புக்குப் பக்கத்திலும் ஒரு மாற்றைக் குறித்து வையுங்கள்.

இவ்வளவு தூரம் ஒரேயடியாகப் போக யோசனையாக இருந்தால் சென்னையிலேயே பழகுங்கள். இண்டோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் 2003 முதல் நடத்துகிற சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் டிசம்பரில்தான் வரும். 2022-ல் அதற்கு 20-வது பதிப்பு. இதே வரிசையில் போனால் 25-வது 2027 டிசம்பரில். ராயப்பேட்டைப் பக்கம் காட்சி என்றால் அதே தண்டையார்பேட்டை மெட்ரோ, இறங்குவது எல்ஐசியிலோ ஆயிரம் விளக்கிலோ. கடைசி மெட்ரோ நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆறு நாள் லீவு வேண்டாம், மத்தியானத்துக்கு மேல் விட்டால் போதும் என்று முதலாளியிடம் இப்போதே பேச்சுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.