வான் கோவைப் படிக்க நினைப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்

டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோ என்றதும் எல்லோரும் அவர் தன் காதையே அறுத்துக்கொண்ட கதையில்தான் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதை முதலில் எடுக்காதீர்கள். அங்கே தொடங்கினால் அப்புறம் எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் பைத்தியம் மட்டும்தான் தெரியும், அவர் உழைத்த உழைப்பு தெரியாது.

1880-இலிருந்து ஆரம்பியுங்கள். ஓவியக் கடை வேலை போய், மதபோதகர் வேலையும் போய், 27 வயதில் இனி ஓவியம்தான் என்று முடிவெடுத்த வருடம் அது. 1890 ஜூலையில் 37 வயதில் இறந்துவிட்டார். ஆக மொத்தமே பத்து வருடம். அதற்குள் 850-க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள்.

அடுத்து கடிதங்கள். தம்பி தியோவுக்கு எழுதியவை மட்டுமே 650-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முழுதாகப் படிக்க வேண்டியதில்லை, 1888-இல் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரத்திலிருந்து எழுதியவற்றை முதலில் எடுங்கள், அந்த வருடம்தான் எல்லாம் ஒன்றாகச் சேர்கிறது. படிக்கும்போது காசு பற்றிய வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். எத்தனை டியூப் வெள்ளை வேண்டும், எத்தனை டியூப் குரோம் மஞ்சள் வேண்டும் என்று தம்பிக்குப் பட்டியல் போடுவார். அக்டோபரில் ஒரு கடிதத்தில், நான்கு நாட்களைப் பெரும்பாலும் 23 கப் காப்பியிலும், கடனுக்கு வாங்கிய ரொட்டியிலும் ஓட்டியதாக எழுதுகிறார். அந்த வறுமைக்கு நடுவிலும் கையிலிருந்த காசெல்லாம் வண்ணத்துக்கும் ஓவியம் வரையும் துணிக்கும்தான் போயிருக்கிறது.

கடிதத்தையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே அக்டோபரில் வரைந்த 'படுக்கையறை' இதற்குச் சரியான இடம். சுவர் வெளிர் ஊதா என்று கடிதத்தில் தெளிவாகச் சொல்கிறார், ஆனால் இன்று ஓவியத்தில் சுவர் நீலமாக இருக்கிறது. அவர் பயன்படுத்திய சிவப்பு நிறமி வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிட்டது. இது தெரிந்தபின் மஞ்சள் கட்டிலுக்கும் ஊதாச் சுவருக்கும் அவர் வைத்த எதிர்நிறக் கணக்கே, அதாவது ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்களைப் பக்கத்தில் வைப்பது, வேறு மாதிரி புரியும்.

"உயிரோடு இருந்தவரை ஒரே ஒரு ஓவியம்தான் விற்றது" என்ற வரியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 1890-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 பிராங்குக்கு விற்றது, வாங்கியவர் ஆனா போக் என்ற ஓவியர். ஆனால் அதற்கு முன்பே ஹேக் நகரக் காட்சிகளுக்காக அவருடைய சித்தப்பா காசு கொடுத்து கோட்டோவியங்கள் வாங்கியிருக்கிறார். 1890 ஜனவரியில் ஆல்பர்ட் ஓரியே என்ற விமர்சகர் அவரைப் புகழ்ந்து நீண்ட கட்டுரையே எழுதினார். அங்கீகாரம் வரத் தொடங்கியிருந்தது, ஏழு மாதம்கூட அவர் இருக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

சரி, அவருடைய மரணத்தோடு புத்தகத்தை மூடிவிடலாமா? கூடாது. ஆறு மாதத்தில் தியோவும் இறந்துவிட, கைக்குழந்தையோடும் விற்காத நூற்றுக்கணக்கான ஓவியங்களோடும் நின்றவர் தியோவின் மனைவி ஜோ. கண்காட்சிகளுக்கு ஓவியங்களை அனுப்பி, யாருக்கு எதை விற்பது என்று பார்த்துப் பார்த்து முடிவெடுத்து, 1914-இல் கடிதங்களைப் பதிப்பித்தவர் அவர். லண்டன் தேசிய காட்சியகத்துக்கு 'சூரியகாந்திகள்' போனது 1924-இல், அதைக் கொடுக்க அவர் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. ஜோவைப் பற்றித் தனியாகத் தேடிப் படியுங்கள்.