84 புளியங்கொட்டைகள்

இலங்கையின் வடக்கே, மாங்குளத்துக்கு உட்புறமாக உள்ள ஒரு பாடசாலையில், மகப்பேற்று விடுமுறையில் சென்ற ஆசிரியைக்குப் பதிலாகத் தரம் 2 வகுப்பை நான் பொறுப்பேற்றபோது, முதல் மூன்று நாள்களும் பிள்ளைகள் என் சொல்லுக்கு அடங்கவேயில்லை. நான் குரலை உயர்த்த உயர்த்த அவர்களின் சத்தமும் உயர்ந்தது. நான்காம் நாள், மேசைக்கடியில் ஒளிந்திருந்த சிறுமி ஒருத்தி, "எங்கட ரீச்சர் இனி வரமாட்டாவா?" என்று கேட்டபோதுதான், அது குழப்படியல்ல, பயம் என்பது எனக்கு விளங்கியது.

அரச ஆசிரியைக்குரிய அந்த விடுமுறை 84 வேலை நாள்கள் என்பதால், மறுநாள் 84 புளியங்கொட்டைகளைக் கண்ணாடிப் போத்தலொன்றில் இட்டு, கழிந்துபோன நாள்களுக்குரிய நான்கை எல்லோருமாக எண்ணி இன்னொரு போத்தலுக்கு மாற்றினோம். அதன்பின் நாள்தோறும் இடாப்புக் கூப்பிட்டு முடிந்ததும், முறைக்குரிய பிள்ளை ஒரு கொட்டையைப் போட, அது கண்ணாடியில் விழும் சத்தத்தைக் கேட்பதற்காக மற்றவர்கள் மூச்சடக்கி இருப்பார்கள். அந்த அமைதியிலேயே, தாழ்ந்த குரலில், நான் பாடத்தைத் தொடங்கிவிடுவேன். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணியது கணிதத்துக்கும் உதவியது. யாருடைய முறை என்பதைக் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எழுதாத ஒரு நாள் இரு பையன்கள் சண்டையிட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சிறுமி மேசைக்கடியிலிருந்து தானாக வெளியே வந்தது, தன் முறை வந்த நாளில்தான்.